காலைத் தூக்குடா கண்ணா!

பேரனுக்கு எட்டு வயது. கடைவாய்ப் பல்லில் சொத்தை. போன மாதம் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

எக்ஸ்ரே எடுக்கச் சின்ன ஃபிலிம் ஒன்றை வாய்க்குள் வைத்ததுமே பையன் குமட்டினான். மறுபடி வைத்தார்கள். மறுபடியும் அதே கதை. "நடிக்காதேடா!" என்று எல்லோர் எதிரிலும் அதட்டிவிட்டேன். அவன் கண்ணில் நீர் முட்டியது.

"சார், இது அடம் இல்லை. தொண்டையை எதுவும் அடைத்துவிடாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல். பயந்தால் இன்னும் அதிகமாகும்" என்றார் டாக்டரம்மா.

நாற்காலியை நிமிர்த்தினார். "மூக்கால மூச்சு விடு கண்ணா. வலது காலைத் தூக்கு. கீழே விடாமப் பிடி, பார்க்கலாம்!"

கவனமெல்லாம் காலுக்குப் போய்விட்டது. ஃபிலிம் உள்ளே போனதும் வெளியே வந்ததும் அவனுக்குத் தெரியவில்லை. "அடுத்த தடவை சாப்பிட்ட கையோடு கூட்டி வராதீங்க" என்றும் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது, "தாத்தா திட்டினது தப்புடா" என்றேன்.

பல் செட்டுக்கு அளவெடுக்க வாயில் பசை வைத்ததும் குமட்டி, பாதியில் எழுந்து ஓடி வந்தவன் நான். பாட்டி சொல்லியிருப்பாள் போல.

"பரவாயில்லை தாத்தா. நீங்களும் காலைத் தூக்குங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றான்.

வரும் திங்கட்கிழமை போகிறோம்.