வாயிலில் மாறிய சப்பாத்து

1980 ஏப்ரல் முதலாந் திகதி நியூயோர்க் நகரத்தின் சுரங்கப் புகையிரதங்களும் பஸ் வண்டிகளும் ஓடவில்லை. போக்குவரத்துத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் 11 நாட்கள் நீடித்தது. புரூக்ளின் பாலத்தைக் கால்நடையாகக் கடந்து மன்ஹற்றன் காரியாலயங்களுக்குச் சென்றோருட் பெண்களும் பலர். கோட்டும் பாவாடையும் மெல்லிய காலுறையும் வழமைபோலவே இருந்தன. பாதங்களில் மாத்திரம் ஓட்டக்காரர் அணியும் ரப்பர்ச் சப்பாத்து. குதியுயர்ந்த சப்பாத்து பைக்குள்ளே கிடந்தது.

விளையாட்டுடை பெண்களின் அன்றாட உடையோடு கலந்தமை அதுவே முதன்முறையன்று. சுசான் லெங்லென் 1919இல் இடையிறுக்கும் கச்சின்றி விம்பிள்டனில் ஆடி வென்றார். அடுத்த தசாப்தத்தில் மைதானத்தின் தளர்ந்த உடை பாரிஸ் வீதிகளிலும் நடமாடியது. 1980இலேயே நோர்மா கமாலி என்னும் வடிவமைப்பாளர் தேகப்பயிற்சி உடைக்குரிய சாம்பல்நிறத் துணியிற் சுருக்குப் பாவாடைகள் தைத்தளித்தார். ஆயினும் அது கலைஞர் ஒருவர் வகுத்த கலப்பு. பாலத்தின்மீது நடந்தோருக்கு எவரும் வகுத்துக் கொடுக்கவில்லை. தூரமுங் காலுமே தீர்மானித்தன. அதனாற்போலும், வேலைநிறுத்தம் முடிந்தும் வழக்கம் முடியவில்லை. 1988இல் வெளிவந்த ‘வேர்க்கிங் கேள்’ திரைப்படத்தின் நாயகியும் அவ்வண்ணமே படகேறி வேலைக்கு வருகிறாள்.

அவளும் காரியாலயத்திற் சப்பாத்தை மாற்றுகிறாள் என்பதே இங்கு உறுத்துவது. ஆடவன் தெருவில் நடந்த தோற்சப்பாத்துடனேயே தன் மேசைக்குப் போய் அமரலாம்; நடந்து களைத்த பெண்ணின் பாதமோ மீண்டும் குதியேற வேண்டும். வீதி அனுமதித்ததை வாயில் அனுமதிக்கவில்லை. அவ்விதி பல இடங்களில் எழுதப்படாதது. சில இடங்களில் எழுதப்பட்டுமிருந்தது. வேலையிடங்களிற் குதியுயர்ந்த சப்பாத்தைக் கட்டாயப்படுத்துவது பற்றிய மனுவொன்றைப் பிரித்தானியப் பாராளுமன்றம் விவாதித்தது 2017இலேதான்.