அண்டாவும் பீர்க் குழாயும்

அல்சூரில் பந்தல் சாமான்களும் பித்தளைப் பாத்திரங்களும் வாடகைக்கு விடும் எங்கள் கடையை இவ்விதழின் அன்பர்கள் பலர் அறிவர். அண்டா, குத்துவிளக்கு, நாற்காலி, ஷாமியானா என்ற வரிசையில், தோட்ட விருந்துகளில் பீர் ஊற்றும் குழாய்ப் பெட்டியும் இப்பொழுது சேர்ந்துவிட்டது. இது குறித்துச் சங்கத்து நண்பர் சிலர் நேரிலும், சிலர் மறைவிலும் பேசி வருகின்றனர். நேரில் கேட்டவர்க்குக் கூறிய விடையையே இங்கு எழுதுகிறோம். மற்றவர்க்கும் அது போய்ச் சேரட்டும்.

பெங்களூருக்குப் பீர் புதிதன்று. 1809ஆம் ஆண்டில் இங்கு ஆங்கிலேயர் படைவீடு அமைத்தனர். அப்படையைத் தொடர்ந்து ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர் வந்து குடியேறினர். சிப்பாய்களின் தாகமே இந்நாட்டு மது ஆலைகளை வளர்த்தது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு ஆலைகள் ஐந்தினை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் ‘ஹாக்ஸ்ஹெட்’ எனப்படும் பெரும் பீப்பாய்களை மாட்டு வண்டியிலேற்றிப் படையினரிடம் சேர்ப்பார்களாம். அப்பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 245 லிட்டர் கொள்ளும். மாடுகளின் பாட்டை யார் எழுதி வைத்தார்கள்! ஆலை இருந்த இடத்தில் இன்று யு.பி. சிட்டி மாளிகைகள் நிற்கின்றன.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். ஓசூர் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிடில் மற்றொன்று. எங்கள் பாட்டனார் தாண்டாத பக்கத்தில் இருந்தார். வாரக் கூலி வீடு வந்து சேராது. பாட்டி தம் சீர் அண்டாக்களை அண்டை வீட்டு விசேஷங்களுக்கு வாடகைக்குக் கொடுத்து அடுப்பெரித்தார். எங்கள் கடை பிறந்தது அவ்விதந்தான். அப்படிப்பட்ட கடையில் இந்தப் பெட்டியா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிறகு திருமணங்களுக்கு அனுமதி கிடைத்தபோது விருந்தினர் ஐம்பதுக்கு மிகலாகாது என்றனர். ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டா எவருக்கு வேண்டும்? ஊரடங்கு தளர்ந்த பின்னரும் மண்டபத்தார் சொந்தப் பாத்திரங்களே வைத்துக்கொண்டனர். இளையவன்தான் பழைய பெட்டிகள் இரண்டை விலைக்கு வாங்கி வந்தான்.

வேலை எளிதென்று எண்ணவேண்டா. 30 லிட்டர் எஃகுப் பீப்பாய் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 40 கிலோ கனக்கும். கரியமில வாயு உருளையிலிருந்து ரெகுலேட்டர் வழியே வாயு சென்று பீரை மேலே தள்ளும். பனிக்கட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழலினூடே அது குளிர்ந்து குழாய்க்கு வரும். வெயில் பட்டாலோ வண்டியில் குலுங்கினாலோ கோப்பை முழுவதும் நுரைதான். அதனால் விருந்துக்குச் சில மணி நேரம் முன்பே பீப்பாயைக் கொண்டுபோய் நிழலில் அசையாது வைப்போம். அரை லிட்டர்க் கோப்பை 60 தேறும் என்பது காகிதக் கணக்கு; ஐம்பது தேறினால் நலம். குழலை ஒவ்வொரு முறையும் கழுவாவிடில் அடுத்த விருந்தில் புளிப்பு வாடை வீசும். உருளையை நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டமான இடத்திலேயே வைக்கவேண்டும். கசிந்தால் மணம் கிடையாது. மூடிய அறையில் உயிருக்கே கேடு.

பீரை நாங்கள் விற்பதில்லை. விருந்து வைப்பவர் ஆயத்தீர்வைத் துறையின் தற்காலிக உரிமத்தைக் காட்டினாலன்றி வண்டி புறப்படாது. குழாயருகே எங்கள் ஆள்தான் நிற்பான். கர்நாடகத்தில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கலாகாது என்பது விதி. எங்கள் குழாய்க்கும் அதுவே விதி.

சென்ற ஆண்டு நகர்ப்புறத் தோட்ட வீடொன்றில் பள்ளிப் பிள்ளைகள் மூவர் கோப்பையோடு வந்தனர். இளையவன் குழாயை மூடினான்.

“தம்பி, வாடகை கொடுப்பவன் நான். யார் குடித்தால் உனக்கென்ன?” என்றார் வீட்டுக்காரர்.

“ஐயா, பெட்டி எங்களுடையது. இவர்கள் போகும்வரை திறவேன்.”

திறக்கவில்லை. மீதி வாடகை இன்றுவரை வரவில்லை. அவர் மூலம் வரவிருந்த வேறிரண்டு விருந்துகளும் போயின. அம்மாத வாடகைக்குக் கடன் வாங்கினோம். ஆயினும் இளையவன் செய்தது சரியென்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்தில்லை.

அம்மா ஒரே நிபந்தனை விதித்திருக்கிறார். பாட்டியின் அண்டாவில் பனிக்கட்டி நிரப்பிப் பீப்பாயை இறக்கலாகாது. அதற்கென்று பிளாஸ்டிக் தொட்டி வாங்கியுள்ளோம். பெட்டி இருக்கும் மூலைப்பக்கம் அம்மா செல்வதில்லை. மாதக் கடைசியில் கணக்குக் கேட்கும்போது மட்டும் அதன் வரவையும் சேர்த்தே கேட்கிறார். பாட்டியின் அண்டாக்கள் ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில்களில் கூழ் காய்ச்சப் போய்விடும். அவற்றிற்கு வாடகை வாங்குவதில்லை.