கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மினி டிராக்டர் என்ன விலைக்குப் போகும்?

‘அஞ்சு வருஷ வண்டி, 1,500 மணி நேரம் ஓடியிருக்கு. என்ன விலை கேட்கலாம்?’ பழைய மினி டிராக்டரை விற்க நினைக்கும் பலரும் கேட்கும் கேள்வி இது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரே பதில் கிடைக்காது. லோயர் கேம்ப்பிலிருந்து சின்னமனூர் வரை ஒரு மணி நேரப் பயணம்தான். அதற்குள் திராட்சை, நெல், வாழை என்று பயிர் மாறுகிறது. பயிர் மாறும்போது டிராக்டர் தேயும் இடமும் மாறுகிறது. அதனால் விலையும் மாறுகிறது.

திராட்சைப் பந்தலுக்குள்

லோயர் கேம்ப்பில் மின் நிலையத்தைக் கடந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர், கூடலூர், கம்பம் வழியாக வடக்கே ஓடுகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திரும்பினால் கண்ணுக்கு எட்டிய வரை பன்னீர் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. ஆள் உயரப் பந்தலுக்குக் கீழே பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் இங்கே 15 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள குட்டை வண்டிகளுக்குத்தான் மதிப்பு. புகைக்குழாய் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் வண்டியைவிட, பக்கவாட்டிலோ அடியிலோ இறங்கும் வண்டியைத்தான் தோட்டக்காரர்கள் தேடுவார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடைக்கு வருகிறது. அதனால் மருந்தடிப்பும் ஆண்டு முழுவதும் உண்டு. மருந்துப் பம்பு டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் ஓடுகிறது. வண்டி வரிசைக்கு வரிசை மெதுவாக நகர, இன்ஜின் மட்டும் பி.டி.ஓ.-வுக்கு வேண்டிய வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுகிறது. இதனால் டயர் புதிதுபோல இருக்கும். கிளட்சும் நன்றாக இருக்கும். தேய்ந்திருப்பது இன்ஜினும் பி.டி.ஓ. தண்டும். டயரைப் பார்த்து விலை பேசுகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

திராட்சைத் தோட்டத்து வண்டியை வாங்குகிறவர், இன்ஜின் சூடாகும் முன்பே போய்ச் சேர வேண்டும். முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தால் கையை வைத்தாலே தெரிந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, நீலப் புகை தொடர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், மூச்சு விடுவதுபோல புகை தள்ளக் கூடாது. இன்ஜினை நிறுத்திவிட்டு பி.டி.ஓ. தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் அதிகம் என்றால் பேரிங், பல் தேய்மானம் இருக்கலாம். போர்டோ கலவையில் உள்ள மயில்துத்தம் இரும்பை அரிக்கும். ஆகவே மட்கார்டின் அடிப்பக்கம், போல்ட் தலைகள், ஒயர் இணைப்புகளில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வயல் இறங்கிய வண்டி

கம்பத்தைத் தாண்டி உத்தமபாளையம் பக்கம் இறங்கினால் நெல் வயல்கள். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சிறிய வயல்களில் நான்கு சக்கர இயக்கம் உள்ள மினி டிராக்டர்களும் சேற்றுழவுக்கு இறங்குகின்றன.

சேற்றில் ஓடிய வண்டியின் நோய் அச்சில் இருக்கும். ஆயில் சீல் தேய்ந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். முன் சக்கர மையத்தில் ஆயில் கசிந்த தடம் உண்டா, பின் அச்சு ஆயில் மோர் நிறத்தில் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். அதற்குள் அது தரையைத் தொட்டுவிட்டால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. மருந்தடித்தே 2,000 மணி நேரம் ஓடிய வண்டிக்கு இந்தச் செலவு வராமலே போகலாம். சேற்றில் ஓடிய வண்டிக்கு 1,000 மணி நேரத்திலேயே வந்துவிடலாம்.

வாழைத்தார் சுமந்த வண்டி

சின்னமனூரைச் சுற்றி வாழைத் தோட்டங்கள். இங்கே மினி டிராக்டரின் வேலை, ரோட்டவேட்டர் ஓட்டுவதோடு டிரெய்லரில் தார் ஏற்றிச் சாலைக்குக் கொண்டு வருவதும்தான். மணி மீட்டர் குறைவாகக் காட்டும். ஆனால் கிளட்ச், பிரேக், டயர் மூன்றும் தேய்ந்திருக்கும். தார்ச் சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டே ஓட்டியிருந்தால், முன் அச்சுப் பல்சக்கரங்களும் சீக்கிரம் தேயும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வண்டியின் ஆண்டுக்கும் டயரின் ஆண்டுக்கும் உள்ள இடைவெளி, எத்தனை மாதத்தில் டயர் மாற்றினார்கள் என்று சொல்லிவிடும். மணி மீட்டர் 600 காட்டும்போது இரண்டாவது ஜோடி டயர் ஓடுகிறது என்றால், மீட்டரையோ உபயோகத்தையோ சந்தேகப்பட வேண்டும்.

விலை போடும் முறை

மூன்று ஊரிலும் நடக்கும் ஒரு தவறு, வாங்கிய நாளின் பில்லிலிருந்து கணக்கைத் தொடங்குவது. டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 5,00,000 ரூபாய் உள்ள வண்டி அப்போது 5,60,000, இப்போது 5,25,000. பழைய பில் கையில் இருக்கலாம். ஆனால் வாங்க வருகிறவர் இன்றைய புது விலையைத்தான் எதிரே வைத்துப் பேசுவார். மானியம் கிடைக்கும் விவசாயி என்றால், மானியம் போக உள்ள விலையோடு ஒப்பிடுவார்.

அதே மாடல், அதே ஆண்டு வண்டி சுற்று வட்டாரத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்று மூன்று இடத்திலாவது விசாரித்து, அதிலிருந்து பழுதுச் செலவைக் கழிப்பதுதான் சரியான முறை. உதாரணமாக, 3,20,000 ரூபாய்க்குப் போகும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். பின் டயர் ஜோடிக்கு 18,000, கிளட்சுக்கு 12,000, டீசல் பம்பு வேலைக்கு 10,000 என்றால் மிஞ்சுவது 2,80,000. ரோட்டவேட்டர், டிரெய்லர், கேஜ் வீல் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக விலை பேச வேண்டும். சேர்த்துக் கொடுத்தால் அவை இலவசமாகப் போய்விடும்.

ஷோரூமில் கொடுத்துப் புது வண்டி எடுப்பவர், பழைய வண்டிக்குச் சொல்லும் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. புது வண்டி 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடை பழையதற்கு 2,90,000 தருகிறது, தள்ளுபடி இல்லை. கட்ட வேண்டியது 3,10,000. இன்னொரு கடை பழையதற்கு 2,65,000 மட்டுமே தருகிறது. ஆனால் புதியதில் 50,000 தள்ளுபடி. கட்ட வேண்டியது 2,85,000. பழைய வண்டிக்குக் குறைவாகச் சொன்ன கடையில்தான் 25,000 ரூபாய் லாபம். கையிலிருந்து போகும் மீதிப் பணம் ஒன்றே ஒப்பிட வேண்டிய எண்.

காகிதமும் விலைதான்

கடன் தீர்ந்தும் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் இருந்தால், தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி நீக்கிய பிறகே விலை பேசுவது நல்லது. மானியத்தில் வாங்கிய வண்டி என்றால், இப்போது விற்கலாமா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மலை ஏறினால் குமுளி. அங்கிருந்து கேரளப் பதிவு. எல்லை தாண்டிப் போகும் வண்டிக்குப் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று அவசியம்.

விற்றவுடன் படிவம் 29, 30-ல் கையெழுத்து, வண்டி ஒப்படைத்ததற்கு நாளும் நேரமும் குறித்த ரசீது, மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல். இவை இல்லாமல் தரகர் கையில் வண்டி நான்கு ஊர் சுற்றினால், ஏதாவது விபத்து நடக்கும் நாளில் தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத்தான். 10,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுப்பவர், அந்தப் பத்தாயிரத்துக்குத் தன் நிலத்தையே பணயம் வைக்கிறார்.