சில்லாணி

உருளும் பெருந்தேருக்கு அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்பதை வள்ளுவப் பெருந்தகை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திற் காட்டியுள்ளார். கடையாணி கழன்ற மாட்டுவண்டி குடைசாயும் என்பதை எம் நாட்டு உழவர் யாவரும் அறிவர். மோட்டார் வாகனங்கள் மலிந்த இக்காலத்தும் அவ்வுண்மை மாறிற்றில்லை. ஆணியின் வடிவமே மாறிற்று. விழாமலருக்குக் கட்டுரை வேண்டிய அன்பர்கள், தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். யாமோ ஒரு கராஜிற் கண்டதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் அக்கராஜை நடத்துபவர் எம்மிடம் தமிழ் பயின்ற முஸ்லிம் இளைஞர். எமது மோட்டார் சைக்கிளைத் திருத்துவதற்காக ஒருநாள் அங்குச் சென்றிருந்தோம். மாஸ்டா எம்.எக்ஸ்.5 என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, நான்கு சில்லுகளும் களையப்பெற்று இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. நுவரெலியாவில் 1934 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் தாமும் ஓடவேண்டும் என்பது அதன் சொந்தக்காரரின் ஆவல். வளைவுகளிற் கார் உறுதியாக நிற்கும்பொருட்டு, 15 மில்லிமீற்றர் தடித்த ஸ்பேசர் தட்டுகளை இடையில் வைத்துச் சில்லுகளை வெளித்தள்ளிப் பூட்ட விரும்பினார். தட்டு நுழைந்தால் பழைய ஆணியில் அவ்வளவு நீளம் மறைந்துபோம்; நட் பற்றுவதற்குச் சில சுற்று மரையே எஞ்சும். ஆதலின் நீண்ட ஆணிகள் வேண்டியவாயின.

“சேர், ஆணியின் விட்டம் எவ்வளவோ, ஆகக்குறைந்தது அவ்வளவு நீளமாவது நட் மரையைப் பற்றவேண்டும்” என்று அவர் எமக்கு விளக்கினார். விட்டம் 12 மில்லிமீற்றர்; மரையின் ஒரு சுற்று 1.5 மில்லிமீற்றர். ஆகவே எட்டுச் சுற்று வேண்டும். பழைய ஆணிகளை ஹப்பினின்று அகற்றி, புதியவற்றைச் சம்மட்டியால் அடியாது, அழுத்தும் பொறியினால் நேராக இறக்கினார். ஆணித் தலையை ஒட்டிய பல்வரிகள் ஹப்பின் துளையைக் கவ்விக்கொண்டன. பின்னர் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் இன்றி விரலாலேயே ஓட்டிப் பார்த்தார். பதினாறு ஆணிகளுள் ஒன்றில் மட்டும் நான்காம் சுற்றில் நட் தடைப்பட்டது. மரையிற் சிறு காயம் இருந்தது.

“நானா, பதினாறில் ஒன்றுதானே! இன்றிரவே நான் புறப்படவேண்டும்” என்றார் சொந்தக்காரர்.

“தம்பி, சுமையை ஆணி தாங்குவதில்லை. அது சிறிது நீண்டு, வில்லைப்போல் இழுத்துச் சில்லை ஹப்போடு நெரிக்கிறது. அந்த நெரிப்பினால் உண்டாகும் உராய்வே சுமையைத் தாங்குகிறது. ஒன்று தளர்ந்தால் அந்தச் சில்லின் மற்ற மூன்றும் அசைவு தாங்காது களைத்து ஒடியும். இங்கே ஒடியாது, மலை வளைவிலே ஒடியும்.”

சொந்தக்காரர் சினந்தார்; கூலி தரமாட்டேன் என்றார். அம்மாத வாடகை அக்கூலியையே நம்பியிருந்தமையை யாம் அறிவோம். “கூலி வேண்டாம். இந்த ஆணியோடு இந்தக் காரை என் கையால் கீழே இறக்கமாட்டேன்” என்பதே மறுமொழி. நெடுநேரம் பேச்சில்லை. ஈற்றில் சொந்தக்காரர் இணங்கினார். இரண்டு நாளின் பின் வேறு ஆணி வந்தது. நட்டுகளை அளவுமானி பொருந்திய ஸ்பேனரால் 100 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கி, அக்கரைப்பற்றுக்குச் சென்று மீளுமாறு பணித்து, மறுபடியும் சரிபார்த்த பின்னரே காரை ஒப்படைத்தார். கூலியும் முழுமையாகக் கிடைத்தது.

இஃது மிகையான அச்சமன்று. 1991 ஆம் ஆண்டுப் போர்த்துக்கல் கிராண்ட் பிறி போட்டியில், உலகப் புகழ்பெற்ற நைஜல் மன்சல் சில்லு மாற்றிப் புறப்பட்ட கணத்தே வலப்புறப் பின்சில்லு கழன்றோடிற்று. விதிக்கு மாறாக அவ்விடத்திலேயே சில்லைப் பூட்டியமையால் அவர் போட்டியினின்றும் விலக்கப்பட்டார். பெரும்பொருள் செலவிட்டுச் செய்த வாகனமும் ஒரு நட்டின் பிடியில் நிற்பதன்றோ?

அதன்பின், உருவு கண்டு எள்ளாமையை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் எட்டுச் சுற்றுக் கணக்கையும் எம் மாணவர்க்குச் சொல்லி வருகின்றோம். எண்ணெய் படிந்த உடையுடன் நின்ற அவ்விளைஞர் பரீட்சையில் அக்குறளுக்கு என்ன பொருள் எழுதினாரோ, நினைவில்லை. கைத்தொழிலில் எழுதிய பொருளை நேரிற் கண்டோம். விழாக் காணும் எம் கல்லூரி அன்னைக்குத் தேர்போல் விளங்கும் மக்கள் பலர் உளர். கண்ணுக்குத் தோன்றாது பிடித்துநிற்கும் ஆணியனைய மக்களும் அவளுக்குப் பெருகுவாராக!