ஊசியும் சுருதியும்

பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசும் நண்பர்கள் பெரும்பாலும் வால்விலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வால்வு ஆம்ப்ளிபையரில் கேட்டால் ஒலி இதமாக இருக்கும், டிரான்சிஸ்டரில் அந்தக் கனிவு வராது என்பது அவர்கள் கட்சி. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தஞ்சைப் பகுதியின் பழைய வீடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் நாகஸ்வரத் தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்கும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. நாயனம் என்றைக்கு இதமாக இருந்தது? கோயிலின் நான்கு வீதிகளுக்கும் கேட்கவேண்டிய வாத்தியம் அது. சீவாளியின் கூர்மைதான் அதன் உயிர். அதை மழுக்கி இதமாக்கும் ஏற்பாடு எதுவாக இருந்தாலும், நம்மிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் அந்த இதத்தைத் தருகிறது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடியையே எடுத்துக்கொள்வோம். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்கில் விரிந்த ராகம், 78 தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் அடைபட்டிருக்கிறது. கிடைத்திருப்பது அவ்வளவுதான் என்னும்போது அதையாவது சரியாகக் கேட்கவேண்டாமா?

முதல் காரியம் ஊசி. 78 தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. தட்டின் பள்ளம் மிகக் குறுகலானது. எல்.பி.க்கான ஊசிமுனையின் ஆரம் 18 முதல் 25 மைக்ரான். 78 தட்டுக்கு ஏறத்தாழ 65 முதல் 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் புழுதியை உழுதுகொண்டு போகும். இசை இருப்பதோ பக்கச் சுவர்களில். பழைய எஃகு ஊசிகள் அந்தச் சுவரை ஒரே உயரத்தில் தேய்த்திருக்கும். சற்றுப் பெரிய அல்லது சிறிய முனையை மாற்றிப் பார்த்தால், தேயாத இடம் அகப்பட்டு இரைச்சலுக்குள்ளிருந்து நாயனம் எழுந்துவரும். முதன்முறை இதைக் கேட்டபோது வேறு தட்டை மாற்றி வைத்துவிட்டோமோ என்று நான் உறையைப் பார்த்தேன்.

தட்டைக் கழுவுவதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 78 தட்டுகள் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். காவிரிக்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்த தட்டைப் பார்த்ததும் கை ஸ்பிரிட் புட்டியைத்தான் தேடும். காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்புமே போதும்.

இரண்டாவது காரியம் வேகம். என் பார்வையில் முக்கியமானது இதுதான். நிமிடத்துக்கு ஏறக்குறைய நாலரைச் சுற்று கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். மூன்று நிமிடம் பத்து விநாடி ஓடவேண்டிய பக்கம் பத்து விநாடிக்கு முன்பே முடிந்துவிடும். பிருகாக்கள் இல்லாத அவசரத்தில் ஓடும். மற்றவர் விஷயத்தில் இது சிறு பிழையாக இருக்கலாம். ராஜரத்தினம் பிள்ளை விஷயத்தில் அப்படியல்ல. உச்ச சுருதியில் ஒலித்த குட்டையான திமிரியிலிருந்து, நீண்ட, சுருதி இறங்கிய பாரி நாயனத்துக்கு நாகஸ்வர உலகம் நகர்ந்ததில் அவர் பங்கு பெரிது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தின் கதையும் அதோடு பிணைந்தது. சுருதியை இறக்கியவர் என்று நாம் கொண்டாடும் ஒருவரை, மோட்டாரின் கோளாறால் மறுபடி மேலே ஏற்றிக் கேட்பது வேடிக்கையல்லவா?

வேகத்தைச் சோதிக்க 77 கோடுகள் கொண்ட ஓர் அட்டைத் தட்டு போதும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு விளக்கின் கீழ் அது சுழலும்போது கோடுகள் நகராமல் நின்றால், வேகம் 77.92. குறுவைக்குப் பம்புசெட்டுகள் ஓடும் மாதங்களில் மின்னழுத்தம் இறங்கினால் சாதாரண மோட்டார் தளர்வதைக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பதிவு செய்தவர்களும் 78ஐத் துல்லியமாகக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்லமுடியாது. அங்கே காதுதான் துணை. ஒரே நாளில் பதிவான தட்டுகளை அடுத்தடுத்து வைத்து ஒத்தின் சுருதியை ஒப்பிடலாம். நாயனம் வாசிக்கும் ஒருவரை அருகில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது. எந்த நீளக் குழலில் எந்தச் சுருதி இயல்பாக நிற்கும் என்பது அவருடைய விரலுக்கும் மூச்சுக்கும் தெரியும்.

மூன்றாவது, சமன் செய்தல். இன்றைய போனோ கருவிகள் 1954இல் பொதுவான ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, 10,000 ஹெர்ட்ஸில் ஒலியை ஏறத்தாழ 14 டெசிபல் குறைக்கின்றன. பதிவின்போது அந்த அளவு கூட்டி வெட்டப்பட்ட எல்.பி.க்கு அது சரி. அப்படிக் கூட்டாமல் வெட்டப்பட்ட பழைய 78 தட்டுகளிலோ சீவாளியின் கூர்மையே காணாமல் போகிறது. நண்பர்கள் இதம் என்று மெச்சுவது பல சமயங்களில் இந்த இழப்பைத்தான் என்பது என் சந்தேகம். வால்வின் தலையில் வந்து விழும் புகழ் அது.

வால்வு இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. எனக்கும் அது பிடிக்கும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த இ.எல். 84 வால்வுகள் இரண்டு என் பெட்டியிலும் எரிகின்றன. இழை 6.3 வோல்ட் கேட்கும். மின்னழுத்தம் இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் அது சோர்ந்துபோகும். அணைத்த பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காதிருப்பது உத்தமம். ப்ளேயரைக் கனமான கடப்பைக் கல்லின்மீது மட்டம் பார்த்து வைத்து, எர்த் கம்பியை ஒழுங்காக இணைத்துவிட்டால் வீட்டின் அதிர்வும் உறுமலும் பெருமளவு அடங்கும். அதற்குமேல் வால்வு தரும் சுகம் அவரவர் ருசி.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். தவறான ஊசி ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் தின்கிறது. இப்போது கணினியில் ஏற்றப்படும் பிரதிகளே நாளை ஆதாரமாக நிற்கும். எந்த ஊசி, என்ன வேகம், எந்தச் சமன் என்று பிரதியோடு ஒரு வரி எழுதிவைத்தால், பின்னால் வருகிறவர் நம் பிழையையாவது திருத்திக்கொள்வார். எழுதாமல் விட்டால், அரைக் கட்டை ஏறிய தோடியைத்தான் அசல் என்று நம்பி ஒரு பிள்ளை சாதகம் செய்யும்.