இரவு நீட்டிய இரண்டு மணி நேரம்

வரிசையில் நிற்றல் எமது நாட்டவர்க்குப் புதிய கலையன்று. 1970களின் முற்பகுதியிற் பாணுக்காக விடியுமுன் எழுந்து நின்ற கதையை எம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1990களில் யாழ்ப்பாணத்திற் சங்கக்கடை வாசலிலே மண்ணெண்ணெய்ப் போத்தலும் கையுமாக நாமே நின்றிருக்கின்றோம். 2022 ஆம் ஆண்டிலோ பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்குமாக நாடு முழுவதுமே இராப்பகலாக நின்றது. இவ்வாறு தேவையின் பொருட்டு நின்று பழகிய எமக்கு, இன்பத்தின் பொருட்டும் மனிதர் மணிக்கணக்காக நிற்பர் என்பதும், அவ்வாறு நிற்பதற்குப் பெரும்பணம் கொடுத்துக் கடல்கடந்து செல்வர் என்பதும் வேடிக்கையாகவே தோன்றின. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நாமும் அவ்வாறு சென்றோம்.

ரொறொன்ரோ நகரில் வாழும் எம் தமையனார், தம் ஆறு வயது மகளுக்கு நெடுநாளாக வாக்களித்திருந்த பயணம் அது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு அண்மையில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் இடத்துக்கு அம்மாவையும் எம்மையும் உடன் வருமாறு அழைத்திருந்தார். கலிபோர்னியாவில் 1955 இல் திறக்கப்பெற்ற டிஸ்னிலாண்ட் தந்த வெற்றியின் பின், 1971 ஒக்டோபர் முதலாந் திகதி திறக்கப்பெற்றது இது. முதலில் மஜிக் கிங்டம் என்னும் ஒரு பூங்கா மாத்திரமே இருந்தது. 1982 இல் எப்கொட்டும், 1989 இலும் 1998 இலும் மேலும் இரு பூங்காக்களும் சேர்ந்தன. ஒன்றைச் சுற்றிவரவே ஒரு நாள் போதாது.

அங்கே சென்றவர்கள் ஊருக்குத் திரும்பிக் கோட்டையைப் பற்றியும் வாணவேடிக்கையைப் பற்றியும் சொல்வார்கள். வரிசையைப் பற்றிச் சொல்வார் சிலரே. உண்மையில் அங்கு ஒருவர் கழிக்கும் பொழுதிற் பெரும்பங்கு வரிசைக்கே உரியது. பீற்றர் பான் சவாரி மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. பகல் வேளையில் அதற்கு ஒரு மணி நேரம் காத்திருத்தல் சாதாரணம். ஆகஸ்ட் மாதத்து வெயிலோ எமது வன்னி வெயிலுக்கு இளைத்ததன்று. பிற்பகலில் இடியும் மழையும் வந்தாற் திறந்தவெளிச் சவாரிகள் நிறுத்தப்படும். பின் வரிசை இன்னும் நீளும்.

எழுபத்திரண்டு வயதான எம் அம்மாவுக்கு முழங்கால் நோவு உண்டு. முதல் நாட் காலையில், ஒரு சவாரியின் வாயிலில் "75 நிமிடம்" என்று எழுதியிருந்த பலகையைப் பேர்த்தி வாசித்துக் காட்டியதும், "மண்ணெண்ணெய்க்கு நிண்டது காணாதே தம்பி, விளையாட்டுக்கும் நிக்கவேணுமோ?" என்று கேட்டுவிட்டு அருகிலிருந்த வாங்கில் அமர்ந்துகொண்டார். அன்று முழுவதும் நாங்கள் வரிசைகளில் நிற்க, அவர் வாங்குகளில் இருந்தார். சிறுமி ஒவ்வொரு சவாரியிலிருந்தும் ஓடிவந்து அப்பம்மாவுக்குக் கதை சொன்னாள். இரவு அவள் தந்தையிடம், "அப்பம்மா இங்கை ஒண்டிலுமே ஏறமாட்டாவோ?" என்று கேட்டாள். அவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டே, நாம் அன்றிரவு காகிதமும் பேனையுமாக உட்கார்ந்தோம்.

டிஸ்னி நிறுவனத்தின் உயர்தர விடுதிகளிலே தங்குவோருக்கென ஒரு சலுகை உண்டு. வாரத்திற் குறித்த சில இரவுகளில், குறித்த பூங்கா எல்லாருக்கும் மூடப்பட்ட பின்னரும் இவர்களுக்கு மட்டும் மேலும் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். வால்ட் டிஸ்னி வேர்ல்ட் தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடத் தொடங்கிய 2021 ஒக்டோபரில் இவ்வழக்கம் வந்தது. பெரும்பாலும் மஜிக் கிங்டத்திலும் எப்கொட்டிலுமே இது நடைபெறுகின்றது. இவ்விடுதிகளில் ஓரிரவு தங்குதற்கு நூற்றுக்கணக்கான டொலர் செல்லும் என்பதால் இந்தச் சலுகை இலவசமன்று. அறைவாடகையுள் மறைந்திருக்கும் செலவே. தமையனார் இந்த வாடகையைக் கொடுத்திருந்தாரேயன்றிச் சலுகையைப் பற்றி அதிகம் எண்ணியிருக்கவில்லை. எமது கையில் ஓர் இரவு இருந்தது. அது மஜிக் கிங்டத்தில், பத்து மணி முதற் பன்னிரண்டு வரை.

பத்து மணி அடித்ததும் கூட்டம் கலைந்துவிடும், நாம் விரும்பிய சவாரியில் நேரே சென்று ஏறிவிடலாம் என்றே முதன்முதற் செல்பவர் எண்ணுவர். அது நடவாது. மூடும் வேளைக்கு ஒரு நிமிடம் முன்னதாக வரிசையிற் புகுந்தவரும் சவாரி செய்தே வெளியேறுவர் என்பது அங்குள்ள விதி. பகலெல்லாம் சுற்றித்திரிந்த அனுபவசாலிகள், நீண்ட வரிசையுள்ள பெயர்பெற்ற சவாரிகளைக் கடைசி நிமிடத்துக்கென ஒதுக்கி வைத்து, மூடுவதற்குச் சற்று முன்னரே அங்கு திரள்வார்கள். ஆகவே, பத்து மணிக்கு விடுதி விருந்தினர் வந்து சேரும்போது, ஏழு குள்ளர் சுரங்கப் புகைவண்டியின் வாயிலில் நூற்றுக்கணக்கானோர் முன்னமே நிற்பர். அவர்களைக் கழிப்பதற்கே அரைமணி, முக்கால் மணி நேரம் சென்றுவிடும். சலுகை நேரத்திற் கால்பங்குக்கு மேல் பிறர் முதுகைப் பார்த்தபடி கழிந்துவிடும் அன்றோ!

இதற்குக் கணக்கு எளிது. வரிசைகளைப் பற்றிய ஆய்வு, கோப்பன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்கு வரும் அழைப்புகளைக் கணக்கிட்ட ஏர்லாங் என்னும் டென்மார்க் அறிஞர் 1909 இல் வெளியிட்ட கட்டுரையுடன் தொடங்கிற்று. 1961 இல் ஜோன் லிட்டில் என்னும் அமெரிக்கர் ஒரு விதியை நிறுவினார். வரிசையில் நிற்போரின் சராசரித் தொகையானது, ஒரு மணியில் வந்து சேர்வோரின் தொகையை அவர் ஒவ்வொருவரும் நிற்கும் சராசரி நேரத்தாற் பெருக்கிய தொகைக்குச் சமன் என்பதே அது. எம் மாணவர் இதனை ஐந்தாம் வகுப்புக் கணக்கென்று நகைப்பர். ஆயினும் இதன் பயன் பெரிது. 600 பேர் நிற்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். அச்சவாரி மணிக்கு 1,000 பேரை ஏற்றுமாயின், கடைசியில் நிற்பவர் 36 நிமிடம் காத்திருப்பார். அதே 600 பேர், மணிக்கு 2,000 பேரை ஏற்றும் சவாரியில் நின்றால் 18 நிமிடமே. வரிசையின் நீளம் கண்ணை ஏமாற்றும். ஏற்றும் வேகத்தையே பார்க்கவேண்டும். இடையறாது நகர்ந்துகொண்டிருக்கும் இருக்கைகளையுடைய பேய்மாளிகை போன்ற சவாரிகளில் நீண்ட வரிசையும் விரைந்து கரையும். பீற்றர் பானின் சிறு கப்பல்கள் சிலரையே ஏற்றுவன. அங்கே சிறிய வரிசையும் பெரிய தாமதம்.

இரவு நேரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. பகலில், தனிக்கட்டணம் செலுத்தி லைட்னிங் லேன் என்னும் விரைவு வழியாகச் செல்வோர் ஒரு புறத்தால் நுழைந்துகொண்டே இருப்பர். இருக்கைகளிற் பெரும்பங்கு அவர்களுக்கே செல்லும். பொதுவரிசையில் நிற்பவர் எஞ்சியதைப் பெறுவர். 1999 இல் தொடங்கிய பழைய விரைவுச்சீட்டுக்குக் கட்டணமில்லை. 2021 முதல் இம்முறை பணத்துக்கானது. நீட்டிய இரவு நேரத்திலே விரைவு வழி இல்லை. ஆகவே இருக்கைகள் யாவும் ஒரே வரிசைக்கு வரும்.

இவ்விடத்தில் எம் கருத்தொன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. 2022 யூலையில் எமது நாட்டில் எரிபொருளுக்குக் குறியீட்டு அட்டை வந்தபோது, ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கு வகுத்தார்கள். செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே பங்கு, வரிசையும் குறைந்தது. பூங்காவிலோ பணம் கொடுத்தவன் முன்னே செல்ல, கொடாதவனின் வரிசை அதனாலேயே நீளுகின்றது. விளையாட்டிடத்தில் இதனைப் பெரிதுபடுத்துவதா என்று தமையனார் கேட்டார். வெயிலில் நிற்கும் குழந்தைகள் தம்மைக் கடந்து செல்லும் குழந்தைகளைப் பார்த்த பார்வையை நாம் கண்டோம். எமக்கு அது சிறிய காரியமாகப் படவில்லை. ஆனால், மூடிய பூங்காவில் இரண்டு மணி நேரம் விடுதிச் சலுகையால் உலாவிய நாமும் அவ்வழக்கின் பயனை உண்டவர்களே என்பதையும் அம்மா உடனே சுட்டிக்காட்டினார்.

சரி, எம் திட்டத்துக்கு வருவோம். பிற்பகல் மழை தொடங்குமுன் அனைவரும் விடுதிக்குத் திரும்பிச் சிறுமியை மூன்று மணி நேரம் உறங்கச் செய்தோம். இஃதே எல்லாவற்றிலும் முக்கியமானது. காலையில் வாயில் திறக்குமுன் சென்று, நள்ளிரவுவரை நிற்கக் கருதும் பெற்றோர் பலர், பத்து மணிக்கு அழும் பிள்ளையைத் தோளிற் சுமந்து திரும்புவதைக் கண்டோம். இரவுணவை எட்டு மணிக்கே முடித்துக்கொண்டோம். வாணவேடிக்கையை ஒரு முறை பார்த்தாயிற்று என்பதால், கூட்டமெல்லாம் கோட்டைக்கு முன்னே வானத்தைப் பார்த்து நிற்க, நாங்கள் அந்நேரத்தில் தேநீர்க் கோப்பைச் சுழலியில் ஏறினோம். இந்நேரத்தில் எல்லாச் சவாரிகளும் நடைபெறா. பூங்காவின் சில பகுதிகள் முழுவதுமே அடைக்கப்படும். எவை நடைபெறும் என்ற பட்டியலை முன்னமே பார்த்திருந்தமையால் அடைத்த வாயில்களை நோக்கி நடக்க வேண்டியிருக்கவில்லை.

பத்து மணிக்குச் சவாரி வாயில்களில் ஊழியர்கள் வந்து நின்று, எம் கைப்பட்டிகளைச் சிறு கருவியாற் சோதித்தனர். கூட்டம் சுரங்கப் புகைவண்டியை நோக்கி விரைந்தது. நாங்கள் எதிர்ப்புறம் நடந்தோம். கரடிக்குட்டி பூவின் சவாரியில் ஐந்து நிமிடம். இன்னொன்றில் அதுவும் இல்லை. பதினொரு மணியளவில் பீற்றர் பானுக்குச் சென்றோம். பலகையில் 25 நிமிடம் என்றிருந்தது. உண்மையிற் பதினைந்தே ஆயிற்று. நாள் முடியும் வேளையிற் பலகை கூட்டிச் சொல்வது வழக்கம். அதனைக் கண்டு பின்வாங்குவோர் உண்டு; பின்வாங்காதவர் பயனடைவர்.

அம்மா வரிசையில் எம்முடன் நின்றார். பகலில் இருந்த முண்டியடிப்பு இல்லாமையால், சுவர்க்கம்பியைப் பிடித்தவாறு இடையிடையே சாய்ந்துகொள்ள முடிந்தது. அவ்வரிசை செல்லும் வழியிற் சிறுவரின் படுக்கையறை ஒன்றை அமைத்து, நிழல்களை விளையாடவிட்டிருக்கிறார்கள். சும்மா இருக்கும் பொழுது நீளும், கையும் கண்ணும் வேலைகொண்ட பொழுது குறுகும் என்று டேவிட் மைஸ்ரர் என்பார் 1985 இல் எழுதிய கட்டுரையிற் கூறியதை அங்கே கண்கூடாகக் கண்டோம். சிறுமி தன் நிழலை மணியின் நிழலில் மோதி அடித்துக்கொண்டிருந்தாள். அப்பம்மா தம் நிழலின் கையையும் உயர்த்தினார்.

ஏறுமிடத்தில் மாத்திரமே எமக்கு அச்சம். அங்கே கப்பல்கள் நிற்பதில்லை. நகரும் தரையில் நடந்தவாறே ஏறவேண்டும். முழங்கால் நோவுள்ளோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று. எனக்குப் பிடிக்காத அவசரம் என்று முணுமுணுத்தபடி, ஒரு கையைத் தமையனாரிடமும் மறு கையை எம்மிடமும் தந்து அம்மா ஏறிவிட்டார். சிறுமி பக்கத்திலே தாவினாள். கப்பல் இருளில் உயர்ந்து இலண்டன் நகரின் விளக்குகளுக்கு மேலே சென்றது. பின்னாலிருந்த எமக்கு அவர்கள் இருவரின் தலைகளும் பேச்சொலியுமே தெரிந்தன. இறங்கியபோது அம்மா வேறொன்றுஞ் சொல்லவில்லை. "இன்னொருக்கா ஏறலாமோ எண்டு கேள் தம்பி" என்றார். மீண்டும் ஏறினோம். அம்முறை பத்து நிமிடமே.

சுரங்கப் புகைவண்டிக்கு 38 அங்குல உயரம் வேண்டும். சிறுமிக்கு அது இருந்தது. அம்மாவுக்கோ அந்த ஆட்டம் ஆகாது. பதினொன்று ஐம்பதுக்கு, பகல் விருந்தினரெல்லாம் சென்றுவிட்ட பின், நாமும் தமையனாரும் சிறுமியும் அங்கு வரிசையிற் புகுந்தோம். பன்னிரண்டு அடித்த பின்னரே ஏறினோம். முன் சொன்ன அதே விதி இப்போது எமக்கு உதவிற்று.

வெளியே வந்ததும் கடைசி வரிசை ஒன்று காத்திருந்தது; அது விடுதிப் பேருந்துக்கானது. எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறுவதால் இதனைத் தவிர்க்க வழியில்லை. சிறுமி தமையனாரின் தோளில் உறங்கிவிட்டாள். மைத்துனியார் போத்தலில் எஞ்சியிருந்த தண்ணீரை எல்லாருக்கும் பங்கிட்டார். முதற் பேருந்து நிரம்பிச் சென்றது. அம்மா அவசரப்படவில்லை. அங்கிருந்த வாங்கில் அமர்ந்து, முழங்காலைத் தடவியபடி, மண்ணெண்ணெய் வரிசையிலே தமக்கு முன்னால் நின்ற அயல்வீட்டுக்காரி ஒருத்தி எப்பொழுதும் இரண்டு போத்தல் கொண்டுவருவாள் என்ற பழங்கதையை, உறங்கும் பேர்த்தியின் தாய்க்குச் சொல்லத் தொடங்கினார். கதை முடியுமுன் இரண்டாம் பேருந்து வந்துவிட்டது.