காது அடைத்துப் போன ரேடியோ

ரேடியோ என்றால் இன்றைக்குப் பலருக்கு காரில் கேட்கும் எஃப்.எம். மட்டும்தான். ஆனால் மத்திய அலை, சிற்றலை, எஃப்.எம்., விமானிகள் பேசும் அலைவரிசை என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பிடிக்கும் ரிசீவர்கள் உண்டு. 1985-ல் வந்த சோனி ஐ.சி.எஃப்.-2001டி அந்த வகையில் பெயர் பெற்ற ஒன்று. 150 கிலோ ஹெர்ட்ஸில் தொடங்கி 30 மெகா ஹெர்ட்ஸ் வரை, அப்புறம் எஃப்.எம்., அதற்கும் மேலே 116 முதல் 136 மெகா ஹெர்ட்ஸ் வரை விமான அலைவரிசை. எல்லாம் கையில் தூக்கிப் போகும் அளவுப் பெட்டிக்குள்!

இந்தச் செட்டுகளுக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் படுக்கின்றன. பெரும்பாலானவை போய்ச் சேரும் இடம் பழைய இரும்புக் கடை. அங்கே போவதில் பாதிக்கு மேல் சின்னக் கோளாறுதான் என்பது பழைய மெக்கானிக்குகளின் வருத்தம்.

ராஜபாளையத்தில் ஒரு பெரியவர். நூற்பு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மைத்துனர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 2001டி அவரிடம் இருக்கிறது. தினமும் இரவு பி.பி.சி. தமிழோசை கேட்பது அவர் வழக்கம். 1941-ல் தொடங்கிய தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றுபோனது. அதன் பிறகும் அவர் செட்டை விடவில்லை. ஒரு ஆடி மாதம், காற்று பேயாக வீசிய ஒரு வாரத்தில், சிற்றலை முழுக்கச் செத்துப்போனது. இரைச்சல் மட்டும் லேசாக வருகிறது, நிலையம் எதுவும் இல்லை.

வீட்டில் மகன் கேட்ட கேள்வி இதுதான்: "அதுல கேக்க இனிமே என்னப்பா இருக்கு? போட்டுட்டு வேற வேலையப் பாருங்க."

நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பழுது.

பெரியவர் செட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. கேள்வி கேட்டார்.

"சத்தமே இல்லையா அண்ணாச்சி, இல்ல ஸ்டேஷன் மட்டும் இல்லையா?"

"இரையுது தம்பி. ஸ்டேஷன்தான் வரமாட்டேங்குது."

"எஃப்.எம். பாத்தீகளா?"

"கொடைக்கானல் கணீர்னு வருது."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது அண்ணாச்சி."

எப்படி முடிந்தது? கொடைக்கானல் பண்பலை 100.5 மெகா ஹெர்ட்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். மலை உச்சியிலிருந்து வருவதால் இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். அது தெளிவாக வருகிறது என்றால் பேட்டரி, ஸ்பீக்கர், ஒலிபெருக்கும் பகுதி, வால்யூம், டிஸ்ப்ளே எல்லாம் சரி. கோளாறு சிற்றலைக்கு மட்டும் உரிய பாதையில் இருக்கிறது. அதிலும் ஆன்டெனாவுக்கு அடுத்த முதல் படியில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செட்டைத் திறக்காமலேயே இவ்வளவும் தெரிந்துவிட்டது!

பழுது பார்ப்பதின் சூத்திரமே இதுதான். எது வேலை செய்யவில்லை என்று தேடுவதற்கு முன்னால், எதெல்லாம் வேலை செய்கிறது என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். மிச்சம் இருப்பதுதான் குற்றவாளி.

இந்த மாடலில் சிற்றலையின் வாசலில் நிற்பது க்யூ303 என்று எண்ணிட்ட ஒரு சிறிய எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர். ஆன்டெனாவிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்குவது அது. மெல்லியதை வாங்குவதற்கென்றே செய்யப்பட்டதால் அதிக வோல்டேஜைத் தாங்காது. பெரியவர் மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பி கட்டி நேராகச் செட்டில் செருகியிருந்தார். இடியே விழவேண்டியதில்லை. வறண்ட காற்றும் புழுதியும் உரசினாலே நீளக் கம்பியில் நிலைமின்சாரம் சேரும். ஆடிக் காற்று அந்த வேலையைச் செய்துவிட்டது. உலகம் முழுக்க இந்தச் செட்டை வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான பழுது இது.

மெக்கானிக் பழைய எஃப்.இ.டி.யை எடுத்துவிட்டு வேறு வைத்தார். ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு சிலிக்கான் டயோடுகளை எதிரெதிராகப் பற்றவைத்தார். சுமார் 0.6 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு வழி திறந்து மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பிவிடும். இது சின்ன அதிர்ச்சிகளுக்குத்தான் காவல். இடி நேராக விழுந்தால் எந்த டயோடும் காப்பாற்றாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் கம்பியைக் கழற்றி வெளியே போடுவது ஒன்றே வழி.

இனி, இந்த வகை ரிசீவர்களில் அடிக்கடி வரும் மற்ற கோளாறுகள்:

1. உயிரே இல்லை. ஃபியூஸ், அடாப்டரின் பிளஸ்-மைனஸ், பேட்டரிப் பெட்டியின் பச்சை பூத்த தகடு ஆகியவற்றை முதலில் பாருங்கள். 2001டி-யில் பெரிய செல் மூன்று போதாது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பகுதிக்குத் தனியாக இரண்டு சிறிய செல் வேண்டும். இது தெரியாமல் 'செத்துப்போச்சு' என்று ஒதுக்கிய செட்டுகள் உண்டு.

2. 'உம்ம்' என்ற முனகல். கரண்டில் போட்டால் மட்டும் வருகிறதா? பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையருக்குப் பிறகு அது 100 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கும். வயதான செட்டில் இவற்றை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. பிளஸ்-மைனஸ் மாறக்கூடாது, வெடிக்கும்.

3. வால்யூம் திருகினால் கரகரப்பு. உள்ளே தூசு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகினால் போதும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்! அன்றைக்குச் சரியாகும், பிறகு தூசு பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

4. தட்டினால் பாடுகிறது. ஈயப் பற்று விட்டிருக்கிறது. போர்டைப் பென்சிலின் மரமுனையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே தட்டும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பற்றைச் சுற்றி மெல்லிய வளையம் போல விரிசல் தெரியும்.

5. நினைவு இழப்பு. 1980-களில் வந்த ஐகாம் ஆர்-71 ரிசீவரில் அதை இயக்கும் நிரலே ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் நிரல் அழிந்து, பழுதே இல்லாத செட் பிணமாகிவிடும். இதற்கு மாற்று போர்டுகள் பின்னாளில் வந்தன. வாங்குமுன் பேட்டரியின் வயதைக் கேட்பது புத்திசாலித்தனம்.

6. ஒரே இரைச்சல். இது பெரும்பாலும் செட்டின் குற்றமே இல்லை. ராஜபாளையம் மாதிரி மில் ஊரில் மோட்டார்களும் அவற்றின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும், வீட்டுக்குள் மலிவான எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் சிற்றலையில் இரைகின்றன. செட்டை பேட்டரியில் ஓட்டியபடி வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எதிரி வீட்டுக்குள்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. உள்ளே மெழுகோ பெயின்ட்டோ வைத்து மூடிய காயில் திருகாணிகளைச் 'சும்மா' திருகிப் பார்ப்பது. அவை தானாக இடம் மாறுவது அபூர்வம். கருவி இல்லாமல் திருகினால் சின்னப் பழுது பெரிய பழுதாகும். செட்டைத் திறக்குமுன் மின் இணைப்பைப் பிடுங்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லிவைப்பது நல்லது.

இப்போது மகனின் கேள்வி. கணக்குப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாற்பது வயதான சாமானின் ஏட்டு மதிப்பு பூஜ்யம். 2012-லேயே டி.வி. பார்க்கும் யு.எஸ்.பி. குச்சி ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகி அகல அலைவரிசை ரிசீவராக மாற்றலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வகைக் குச்சி சுமார் 24 மெகா ஹெர்ட்ஸிலிருந்து 1700 மெகா ஹெர்ட்ஸ் வரை பிடிக்கிறது. தமிழோசையும் இல்லை. பிறகு எதற்கு?

2004 டிசம்பர் 26 காலையை நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ கழகத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் குழுவினரும் அந்தமானில் ஹாம் ரேடியோ நிலையம் போட்டிருந்தார்கள். சுனாமி அடித்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. போர்ட் பிளேரில் பொழுதுபோக்காக வைத்த அந்தச் சிற்றலை நிலையம்தான் தீவுகளிலிருந்து மக்களின் செய்திகளை வெளியே சொன்னது. அனுப்புவதற்கு தேர்வும் உரிமமும் வேண்டும். ஆனால் அனுப்பிய குரலைக் கேட்க மறுமுனையில் ஒரு நல்ல ரிசீவர் விழித்திருக்க வேண்டுமே! கோபுரமும் கேபிளும் இல்லாத நாளில் வேலை செய்வது பேட்டரியில் ஓடும் இந்தப் பெட்டிதான்.

அதனால் ஏட்டு மதிப்பு பூஜ்யமாக இருக்கலாம், பயன் மதிப்பு பூஜ்யம் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பழைய இரும்புக்காரரின் தராசில் தெரியாது.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால், முதலில் எடுத்து எஃப்.எம்.மைப் போட்டுப் பாருங்கள். அது பாடினால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, ஊரில் இன்னும் மிச்சம் இருக்கும் ரேடியோ மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போங்கள். செட்டை விட வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறவர்கள் அவர்கள்தான்.